ஒன்பது வீட்டுக்கு ஒரு ரெலிபோன்

எங்கள் கட்டடம் ஒரு தனி முதலாளியுடையது. ஸ்காபரோவில், எக்ளின்ரன் வீதியோரமாகப் பன்னிரண்டு மாடி. அதில் பதினாறு வீடுகளை அரசாங்கத்தின் வீடமைப்பு அலுவலகம் அவரிடம் குத்தகைக்கு எடுத்து, எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளத்துக்குத் தக்க வாடகையில் தந்திருந்தது. பதினாறில் ஒன்பது தமிழ் வீடு. ஐந்தாம் மாடியில் இருந்தது எங்களுடையது. நானும் மனைவி பாலேஸ்வரியும் மட்டும்தான். மகள் கலியாணம் கட்டி மிசிசாகாவுக்குப் போய்விட்டாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் மாதம் பதினாறு வீட்டுக்கும் ஒரே கடிதம் வந்தது. குத்தகை யூன் முப்பதோடு முடிகிறது, முதலாளி அதைப் புதுப்பிக்க மாட்டாராம். எங்களை வேறிடத்தில் குடியேற்றும் பொறுப்பு அலுவலகத்துடையது. ஆனால் குடும்பத்துக்கு ஒரு வீடுதான் காட்டுவார்கள். அதை வேண்டாம் என்றால் அத்தோடு அவர்களுடைய பொறுப்பு தீர்ந்தது. கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது.

படிவம் என்றால் எங்கள் கட்டடத்தில் அமிர்தநாதர்தான். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் இருபத்தாறு வருடம் கிளாக்கர். இங்கே பகல் முழுக்க ஒரு கார் நிறுத்துமிடத்தில் சின்னப் பெட்டிக்குள் இருந்து துண்டு கிழித்துக் கொடுக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய குசினி மேசையில் ஒன்பது வீட்டுப் படிவங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பினார். மூன்றாவது கேள்வியில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். பகல் நேரத்தில் உங்களோடு பேசக்கூடிய ரெலிபோன் நம்பர் என்ன?

“பகலிலை ஆர் வீட்டிலை?” என்றான் எட்டாம் மாடிக் குலசிங்கம். அவனும் மனைவியும் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. “என்ரை போன் அடிச்சால் சுவர்தான் எடுக்கும்.”

“ஆளில்லாட்டில் பதிவு செய்யிற மெஷின் ஒண்டு பூட்டன்,” என்றார் அமிர்தநாதர்.

“மெஷினுக்கை வெள்ளைக்காரி கதைச்சால் எனக்கு விளங்குமோ ஐயா? விளங்கித் திருப்பி அடிக்கிறதுக்கிடையிலை வீடு போயிடும்.”

அப்போதுதான் யோகராணி என் பக்கம் திரும்பினாள். எங்களுக்குப் பக்கத்து வீடு. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. கணவன் மொன்றியலில் வேறு குடும்பத்தோடு இருந்தான். ஒன்பது வயதில் அட்சயா, ஆறு வயதில் ஜனார்த்தன், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தாள்.

“மகேசண்ணை பகலிலை நிக்கிறவர்தானே?” என்றாள்.

“நிக்கிறேல்லைப் பிள்ளை, படுத்திருக்கிறன்,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே ஒன்பது படிவத்திலும் என் நம்பரை எழுதுவித்துவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான். பிளாஸ்ரிக் வாளி செய்யும் இடத்தில் எனக்கு இரவு வேலை. எட்டு வருடம் போர்மனோடு கத்திக் கத்திப் பழகிய இங்கிலிஷ் கைவசம் இருந்தது. எழுத வாசிக்க எனக்கு நாற்பத்தேழு வயதுக்குப் பிறகுதான் வந்தது. வந்த புதிதில் எதையாவது எழுதச் சொல்லி யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும்.

“உங்களுக்கும் அவைக்கும் என்ன தொடர்பெண்டு கேட்டிருக்கு,” என்றார் அமிர்தநாதர்.

“அயலட்டை எண்டு போடுங்கோ ஐயா.”

“அயலட்டை எண்டால் மதிக்கமாட்டாங்கள்.” கண்ணாடியை ஏற்றிவிட்டு நீளமாக ஏதோ எழுதினார். மற்ற எட்டிலும் அதையே எழுதினார். கச்சேரி இங்கிலிஷ். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் நடுவில் அலுவலகம் கூப்பிடத் தொடங்கியது. இன்னாருக்கு இன்ன இடத்தில் வீடு, இன்ன நாளுக்குள் வந்து பார்க்கவும். நான் அதை ஒரு துண்டில் எழுதி அந்தந்த வீட்டுக் கதவின் கீழால் தள்ளிவிட்டு வந்து படுப்பேன். குலசிங்கத்துக்கு அப்படித்தான் கிடைத்தது. இன்னும் இரண்டு குடும்பத்துக்கும் கிடைத்தது.

அலுவலகம் மட்டும் போன் அடித்திருந்தால் காரியமில்லை. இன்னும் வீடு கிடைக்காதவர்களும் அடிப்பார்கள். பத்து மணிக்கு ஒருவர் தேத்தண்ணி இடைவேளையில் தொழிற்சாலையிலிருந்து: “அண்ணை, அடிச்சவையோ?” பன்னிரண்டுக்கு இன்னொருவர்: “போன் வேலை செய்யுதோ எண்டு பாக்கத்தான் அடிச்சனான். படுங்கோ, படுங்கோ.” காலை எட்டரைக்குப் படுத்தால் மூன்றுக்குள் ஐந்து தரம் எழும்பவேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் என் முகத்தைப் பார்த்துப் போர்மனே, “மகேஷ், வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதா?” என்று கேட்டான்.

மே பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை வேலைக்கு வரவேண்டியவன் வராததால் இன்னும் மூன்று மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு, பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். சப்பாத்தைக் கழற்றுமுன் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தால், “அண்ணை, அடிச்சவையோ?”

இல்லை என்றேன். வைத்தேன். பிறகு சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். ஒரே ஒரு நாள், ஒரு மூன்று மணித்தியாலம் என்றுதான் நினைத்தேன். பாலேஸ்வரி வேலையால் வந்து வயரைத் திரும்பச் செருகும்போது மணி ஆறு.

ஒன்பது நாள் கழித்து யோகராணிக்குக் கடிதம் வந்தது. அமிர்தநாதரிடம் கொண்டுபோகும் வழியில் என் கதவையும் தட்டினாள். மூன்று பேருமாக அவர் மேசையில் இருந்தோம். அவர் ஒரு தரம் தனக்குள் வாசித்தார். பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்.

“கென்னடி றோட்டிலை ஒரு இரண்டு அறை வீடு உனக்கு ஒதுக்கினவையாம். பதினாலாந்திகதி மூண்டு தரம் அடிச்சும் பதில் இல்லையாம். அதை நீ வேண்டாமெண்ட மாதிரி எடுத்துக்கொண்டு வேறை ஆளுக்குக் குடுத்திட்டினம். இனி உன்னைக் குடியேத்திற பொறுப்பு தங்களுக்கில்லையாம். யூன் முப்பதுக்குள்ளை வெளிக்கிடட்டாம்.”

“கென்னடியிலையோ?” என்றாள் யோகராணி. “என்ரை வேலையிடத்துக்குக் கிட்டவெல்லோ.”

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்குச் சத்தம் ஒண்டும் கேக்கேல்லை,” என்றேன்.

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு கெதியாக வாயில் வந்தது.

மறுநாளுக்குள் கட்டடம் முழுக்கக் கதை பரவிவிட்டது. அலுவலகம் அடிக்கவே இல்லை, வீட்டைத் தங்களுக்குத் தெரிந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டு இப்போது கதை விடுகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சாட்சி சொல்ல ஆளுக்காள் முந்தினார்கள். மகேசண்ணையாவது, போன் எடுக்காமல் விடுகிறதாவது! அமிர்தநாதர் ஒரு மனு எழுதினார். அன்று எங்கள் நம்பருக்கு அலுவலகத்திலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை, அதை நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம் என்று. சனிக்கிழமை பின்னேரம் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் எல்லோரும் கூடிக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. போன் என்னுடையதானபடியால் முதற் கையெழுத்து என்னுடையது.

“வயர் கழண்டு கிடந்தது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்,” என்றாள் பாலேஸ்வரி, சட்டை மடித்தபடி. “வேறை ஒருத்தருக்கும் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு கையெழுத்தைப் போட்டிட்டு வாங்கோ.”

“அது பொய்க் கையெழுத்தெல்லோ.”

“இஞ்சை பாருங்கோ. நீங்கள் என்ன சம்பளத்துக்கே போன் எடுத்தனீங்கள்? ஒன்பது வீட்டுச் சுமையை ஒரு மனிசன்ரை நித்திரையிலை கொண்டுவந்து வைச்சது ஆற்றை பிழை?”

அவள் கேட்டதில் பிழையில்லை. படிகளில் இறங்கும்போது நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன். லிஃப்ற் இருந்தது. ஆனாலும் படியால் போனேன்.

கீழே உலர்த்தும் இயந்திரம் ஒன்று யாருடையதோ உடுப்போடு சுற்றிக்கொண்டிருந்தது. அமிர்தநாதர் அதன் பக்கத்து மேசையில் மனுவை விரித்து வைத்திருந்தார். யோகராணி வேலை உடுப்போடே வந்திருந்தாள். பேனையை என் கையில் தந்தார்கள். என் பெயரை எழுத எனக்கு நேரம் எடுக்கும், அது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த நேரத்தில்தான் வாயைத் திறந்தேன்.

“நான் அண்டைக்கு வயரைக் கழட்டிப்போட்டுப் படுத்தனான்.”

அமிர்தநாதர் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குலசிங்கம் சிரிக்காமல் சொன்னான்: “நல்லாயிருக்கு. ஒன்பது வீட்டையும் தலகாணிக்குக் கீழை வைச்சுக்கொண்டு படுத்திருக்கிறியள்.”

“நீ பேசாதை,” என்றார் அமிர்தநாதர். “உனக்கு வீடு எடுத்துத் தந்ததும் அந்தப் போன்தான்.” அவர் மனுவைத் திரும்ப வாசித்தார். “இப்ப இதை என்ன செய்யிறது? அவை அடிக்கேல்லை எண்டால் அது ஒரு நியாயம். எங்கடை ஆள் நித்திரை எண்டால் அது நியாயமில்லையே.”

“அப்பிடியே அனுப்புங்கோ ஐயா,” என்றது பின்னால் ஒரு குரல். “ஆர் போய்ப் பாக்கப்போறான்?”

யோகராணி என்னிடம் வந்தாள். அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன்.

“எத்தினை மணிக்குக் கழட்டினனீங்கள்?”

“பதினொண்டரைக்கு.”

“திரும்பக் கொழுவினது?”

“ஆறுக்கு. அவதான் கொழுவினவ.”

அவள் கணக்குப் பார்ப்பதுபோல் கொஞ்சம் நின்றாள். அன்று அவள் எந்த மணிக்கு எந்த இயந்திரத்தில் படுக்கை விரிப்பு போட்டுக்கொண்டு நின்றாள் என்று நினைத்துப் பார்த்தாளோ என்னவோ.

“என்ரை பேரிலை பொய்க் கடுதாசி ஒண்டும் போகவேண்டாம்,” என்றாள் அமிர்தநாதரிடம். என்னிடம், “திங்கக்கிழமை நான் லீவு போடுறன். நீங்களும் படுக்காமல் வாங்கோ. எனக்குச் சொன்னதை ஒஃபிசிலை வந்து சொல்லுங்கோ,” என்றாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து அப்படியே பஸ் தரிப்புக்குப் போனேன். அவள் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அலுவலகத்தில் நம்பர் எடுத்து ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். நான் கதிரையில் நித்திரையாகிவிடாமல் இருக்க அவள் இரண்டு தரம் முழங்கையால் இடித்தாள்.

கூப்பிட்ட பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன விசயம் என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். இந்த நம்பர் என்னுடையது, நீங்கள் அடித்தது உண்மை, நான்தான் வயரைப் பிடுங்கினேன், இவளுக்கு ஒன்றும் தெரியாது, குற்றத்தை என் கோப்பில் எழுதுங்கள்.

அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னதும் கோப்பில் ஒரு இடத்தை விரலால் தொட்டார்.

“மிஸ்டர் மகேஸ்வரன், நீங்கள் எந்த நிறுவனம்?”

எனக்கு விளங்கவில்லை. வாளி செய்யும் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னேன்.

“இல்லை, எந்த ஏஜென்சி? எங்களுக்கு உங்கள் பெயரில் ஒன்பது குடும்பம் இருக்கிறது. தமிழ்ச் சமூகத் தொடர்பு அலுவலர் என்று போட்டிருக்கிறது. ஏஜென்சி பொறுப்பெடுத்த குடும்பம் என்றால் நாங்கள் ஏஜென்சியோடுதான் பேசுவோம். குடும்பத்துக்குத் தகவல் சேர்ப்பது ஏஜென்சியின் பொறுப்பு. அதனால்தான் வீடு ஒதுக்கியதைப் பற்றி அவர்களுக்குத் தனியாகக் கடிதம் போடவில்லை.”

அமிர்தநாதர் நீளமாக எழுதியது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

“அம்மா,” என்றேன், “நான் இரவில் வாளி செய்கிறேன். பகலில் படுக்கிறேன். என் வீட்டில் ஒரு போன் இருக்கிறது. அவ்வளவுதான் ஏஜென்சி.”

அவர் சிரிக்க வாயெடுத்து, யோகராணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“என்னவாம்?” என்றாள் யோகராணி. நான் சொன்னேன்.

“ஏஜென்சியாமோ? என்னைக் கொழும்பிலையிருந்து கூட்டிக்கொண்டு வந்தவனும் ஏஜென்சிதான். அவனும் பாங்கொக்கிலை விட்டிட்டுப் போய்ப் படுத்தவன்.” அந்தக் கோபத்திலேயே அவள் மேசையில் கையை ஊன்றி எழும்பி, தன் நெஞ்சைத் தொட்டு, அந்தப் பெண்மணிக்கு நேரே இங்கிலிஷில் சொன்னாள்: “நோ ஏஜென்சி. யோகராணி. ரூ சில்ரன்.”

பெண்மணி கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அப்பால் இன்னும் எட்டுக் கோப்பு எடுப்பதும், ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பதும், வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவதும் தெரிந்தது. ஒன்பது குடும்பத்துக்கு ஒரே நம்பர் கொடுத்தபோது இவர்களில் ஒருவராவது, யாரப்பா இவன் என்று கேட்டிருக்கலாம். நாங்களும் ஒருவரும் கேட்கவில்லை. அலுவலகம் ஏஜென்சியிடம் விட்டது. அயலட்டை என்னிடம் விட்டது. நான் ஒரு மத்தியானம் விட்டேன். நான் விட்டதற்குக் கீழே பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை. அப்படி நினைத்தது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவளைப் பார்க்க அந்த ஆறுதல் நிற்கவில்லை.

திரும்பி வந்தவர் விளங்கும்படி மெல்ல மெல்லச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னதாக எழுதியதை வெட்டியாயிற்று. பொறுப்பு மறுபடியும் அலுவலகத்துடையது. மற்ற வீட்டுக்காரருக்கும் இனி நேரே கடிதம் போகும். ஆனால் கென்னடி வீடு போனது போனதுதான். யூன் முப்பதுக்குள் இன்னொன்று வருமா என்று அவரால் சத்தியம் பண்ண ஏலாது. வந்தால் அது எங்கே என்றாலும் அதுதான் கடைசி. பகலில் பிடிக்கக்கூடிய நம்பர் ஒன்று வேண்டும்.

“என்ரை வேலையிடத்து நம்பரை எழுதச் சொல்லுங்கோ,” என்றாள். “சுப்பவைசர் ஏசுவாள். ஏசட்டும்.”

யூன் மாதம் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. குலசிங்கம் போனான். அமிர்தநாதர் யூனியன்வில்லில் மகனோடு போய்ச் சேர்ந்தார். போகும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் நல்லதுக்குத்தான் அப்பிடி எழுதினனான்,” என்று இரண்டு தரம் சொன்னார். எங்களுக்கு வார்டன் பக்கம் ஓர் அறை வீடு வந்தது. யூன் பதினைந்தில் மாறவேண்டியிருந்தது.

பாலேஸ்வரி சாமான் கட்டும்போது, “வீடு வராட்டில் அவவையும் பிள்ளையளையும் எங்களோடை கூட்டிக்கொண்டு வாறதுதான்,” என்றாள். கையெழுத்தைப் போடச் சொன்னவளும் அவள்தான். நான் போய் யோகராணியிடம் சொன்னேன்.

“உங்கடை ஹோலிலை வந்து படுக்கிறதுக்கு நான் ஒஃபிசுக்கு வரேல்லை,” என்றாள். கதவை மூடவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் அந்தக் கென்னடி வீட்டைப் போய்ப் பார்த்தேன். விலாசம் கடிதத்தில் இருந்தது. மூன்றாம் மாடி, பின்பக்கம் சின்னப் பூங்கா. முதியோர் இல்லம் அங்கிருந்து நடை தூரம். வாசலில் ஒரு சோமாலியக் குடும்பம் மெத்தை இறக்கிக்கொண்டிருந்தது. தாய்க்காரி ஒரு பக்கம் பிடிக்க, மற்றப் பக்கம் ஆளில்லாமல் மெத்தை வளைந்தது. நான் போய்ப் பிடித்தேன். லிஃப்ற் வரைக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்களுக்கும் எங்கோ ஒரு குத்தகை முடிந்திருக்கும்.

யூன் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை, முதியோர் இல்லத்துக்குப் போன் வந்தது. வெஸ்ரன் வீதியில், நகரத்தின் மற்றக் கரையில், பதினான்காம் மாடி, இரண்டு அறை. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் பதில். வீடு பார்க்க யோகராணி என்னையும் வரச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு பஸ், சப்வே, பிறகு இன்னொரு பஸ். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி வந்தேன். ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

வீட்டில் புதுப் பெயின்ற் மணம். குசினி சின்னன். அறைகள் இரண்டும் பரவாயில்லை. அவள் குழாயைத் திறந்து பார்த்தாள், சுடுதண்ணி வருகிறதா என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அலுவலகத்திலிருந்து வந்தவர் கதவடியில் கடதாசியோடு காத்து நின்றார்.

“காலமை ஏழுக்கு வேலை தொடங்கும்,” என்றாள் தண்ணீரைப் பார்த்தபடி. “அப்ப நான் ஐஞ்சுக்கு வெளிக்கிடவேணும். பிள்ளையளை ஆர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிறது?”

நான் ஜன்னல் கதவை இழுத்துப் பார்த்தேன்.

“அந்தக் கென்னடி வீட்டை நீங்கள் போய்ப் பாத்தனீங்களாம். பாலேஸ்வரியக்கா சொன்னவ.”

“ஓம்.”

“எப்பிடி?”

பழைய கட்டடம், கரப்பான் பூச்சி, இருட்டு என்று எத்தனையோ வாயில் வந்தன.

“நல்ல இடம் பிள்ளை. வேலைக்கு நடந்து போகலாம். பின்னுக்குப் பிள்ளையள் விளையாடப் பூங்காவும் இருக்கு.”

அவள் குழாயை மூடினாள். கையைப் பாவாடையில் துடைத்தாள்.

“இதிலையாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம், மகேசண்ணை,” என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அதில் எனக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று தெரியவில்லை.

பிறகு கதவடிக்குப் போய்க் கடதாசியை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுத் திறப்பைக் கையில் தந்தவரிடம் இரண்டாவது திறப்பு ஒன்று வேண்டுமென்று விரலால் காட்டினாள், மகளுக்கு என்று. காலையில் கதவைப் பூட்டிவிட்டுத் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஒன்பது வயது அட்சயாதான் இருந்தாள்.